வளாகத்தில் மாஸ்க்: எங்கே கட்டாயம், எங்கே உங்கள் விருப்பம்

உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று கொரோனா அவசரநிலை முடிந்ததாக அறிவித்தது. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் எல்லோரும் எப்போதும் முகக்கவசம் அணிய வேண்டும் என்ற விதி இப்போது இல்லை. ஆனால் விதி முழுவதுமாகப் போய்விடவும் இல்லை. சில இடங்களில், சில நாள்களில், சிலருக்கு மட்டும் இன்னும் இருக்கிறது. குழப்பம் வருவது இங்கேதான்.

முதலில் கட்டாயமான இடங்கள். வளாகத்தின் மருத்துவ மையம், மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த மருத்துவமனை போன்றவை தனி விதி வைத்துக்கொள்ளலாம். வகுப்பறையில் விருப்பம் என்று சுற்றறிக்கை சொன்னாலும், மருத்துவ மையத்தின் வாசலில் 'மாஸ்க் அணிந்து வரவும்' என்று ஒட்டியிருந்தால் அங்கே அதுதான் விதி. காய்ச்சலும் இருமலுமாக வருபவர்களும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் ஒரே வரிசையில் காத்திருக்கும் இடம் அது. அரசு உத்தரவு ஒன்று, பல்கலைக்கழக விதி ஒன்று, துறை விதி ஒன்று என்று மூன்று இருந்தால், பொதுவாக எது கடுமையோ அதைப் பின்பற்றினால் எதையும் மீறியதாக ஆகாது.

ஆய்வகம் வேறு கதை. அங்கே மாஸ்க் என்பது கிருமிக்காக மட்டும் அல்ல. தூசுக்கும் வேதிப்பொருளுக்கும் சேர்த்துத்தான் விதி எழுதுவார்கள். என்95 வகை மாஸ்க் துகள்களைத்தான் தடுக்கும். வாயுவையும் கரைப்பான்களின் ஆவியையும் தடுக்காது. அதற்கு வேறு வகை வடிகட்டி வேண்டும். 'மாஸ்க் போட்டிருக்கிறேனே' என்ற தைரியத்தில் கரைப்பான் பாட்டிலைத் திறப்பது ஆபத்து. ஆய்வகப் பொறுப்பாளர் எந்த வகை சொல்கிறாரோ அதைத்தான் அணிய வேண்டும்.

அடுத்தது, கொரோனா, ஃப்ளூ போன்ற சுவாசத் தொற்றிலிருந்து மீண்டு வருபவர்கள். பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024 மார்ச்சில் தந்த வழிகாட்டுதலில் கணக்கு எளிது: காய்ச்சல் மாத்திரை போடாமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும், மற்ற அறிகுறிகளும் குறைந்து வர வேண்டும். அதுவரை அறையை விட்டு வெளியே வராமல் இருப்பது நல்லது. அப்புறம் வகுப்புக்குப் போகலாம், ஆனால் அடுத்த 5 நாள்களுக்கு மாஸ்க் போன்ற கூடுதல் கவனம் தேவை. உங்கள் பல்கலைக்கழகம் வேறு நாள் கணக்கு வைத்திருந்தால் அதுவே செல்லும்.

மற்ற இடங்களில் அணிவதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்யலாம். அந்த இடத்தில் காற்று எப்படி, எத்தனை பேர், எவ்வளவு நேரம் என்று பார்த்தால் போதும். ஜன்னல் திறக்காத விரிவுரை அரங்கில் இரண்டு மணி நேரம் உட்கார்வதும், திறந்த வெளியில் நண்பரோடு நடப்பதும் ஒன்றல்ல. நூலகத்தில் யாரும் பேசுவதில்லை, கூட்டமும் குறைவு என்றால் ஆபத்து அவ்வளவாக இல்லை. கூட்டம் நெரியும் வளாகப் பேருந்து, லிஃப்ட், பாட்டுப் பயிற்சி நடக்கும் அறை ஆகிய இடங்களில் அணிவது புத்திசாலித்தனம். கேன்டீனில் சாப்பிடும்போது எப்படியும் கழற்றத்தான் வேண்டும். அங்கே கூட்டமில்லாத நேரத்தைப் பார்த்துப் போவதே மேல். விடுதியில் உங்கள் அறையில் தேவையில்லை. அறைத்தோழருக்கு உடம்பு சரியில்லை என்றால் மட்டும் இருவரும் அணிந்து, ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

அணிந்தால் சரியாக அணிய வேண்டும். மூக்கின் மேலுள்ள கம்பியை இரண்டு கை விரல்களாலும் அழுத்திப் படிய வையுங்கள். கண்ணாடி போடுபவர்களுக்கு ஒரு வசதி உண்டு: மூச்சு விடும்போது கண்ணாடியில் ஆவி படிந்தால் மேல்பக்கம் காற்று கசிகிறது என்று தெரிந்துவிடும். அடர்ந்த தாடி இருந்தால் என்95 முகத்தோடு ஒட்டாது. அதன் பலன் பெருமளவு போய்விடும். வால்வு வைத்த மாஸ்க் உங்களைக் காக்கும், ஆனால் நீங்கள் விடும் காற்று வால்வு வழியாக வடிகட்டாமலேயே வெளியேறலாம். இருமலோடு இருப்பவருக்கு வால்வு இல்லாததே நல்லது.

விதிவிலக்கும் உண்டு. மூச்சுக்கோளாறு போன்ற காரணத்தால் அணிய முடியாதவர்கள் மாற்றுத்திறனாளிகளுக்கான அலுவலகத்திடமோ மருத்துவ மையத்திடமோ முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. வாசலில் நின்று வாதாடுவதைவிட அது சுலபம். உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் மாணவர் வகுப்பில் இருந்தால், ஆசிரியர் வாய்ப்பகுதி தெரியும் மாஸ்க் அணியலாம், அல்லது தள்ளி நின்று கழற்றிப் பேசலாம். தேர்வு அறையில் அடையாளம் சரிபார்க்க ஒரு நிமிடம் இறக்கச் சொன்னால் இறக்கிக் காட்டத்தான் வேண்டும்.

கட்டாயம் இல்லாத இடத்தில் ஒருவர் மாஸ்க் அணிந்திருந்தால் 'உடம்புக்கு என்ன?' என்று கேட்டுத் துளைக்க வேண்டாம். வீட்டில் புற்றுநோய் சிகிச்சை பெறும் அப்பா இருக்கலாம், மறுநாள் தேர்வு இருக்கலாம். காரணம் சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.