ரேடியோவை ஆஃப் பண்ணிவிட்டீர்கள், பிளக்கைப் பிடுங்கினீர்களா?

“ஆஃப்லதான்ணே இருந்துச்சு, அப்புறம் எப்படிண்ணே புகை வரும்?”

போன வாரம் ஒத்தக்கடையிலிருந்து ஒருவர் ரேடியோவும் சிடியும் சேர்ந்த செட்டைத் தூக்கிக்கொண்டு வந்து இப்படிக் கேட்டார். இருபது வருஷத்துக்கு மேலாக மதுரையில் ரேடியோ, டேப், சிடி என்று பழுது பார்க்கிறேன், இதே கேள்வியைக் கேட்டவர்களுக்குக் கணக்கில்லை.

பின்மூடியைக் கழற்றியதும் வார்னிஷ் கருகிய வாடை. டிரான்ஸ்பார்மரைச் சுற்றியிருந்த மஞ்சள் டேப் பழுப்பேறி, தொட்டால் உதிர்ந்தது. இந்த மாதிரி செட்டுகள் பலவற்றில் சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் நேராக டிரான்ஸ்பார்மருக்குப் போய், அங்கே 12 வோல்ட் அளவுக்குக் குறைந்து, அதற்கு அப்புறம்தான் நீங்கள் தள்ளுகிற ஸ்விட்சுக்கே வரும். பாட்டு நிற்கும், லைட் அணையும், டிரான்ஸ்பார்மர் மட்டும் ராத்திரி பகலாகக் கரண்டில் கிடக்கும். சந்தேகமாக இருந்தால், ராத்திரி ஆஃப் செய்த செட்டின் முதுகில், வயர் நுழையும் இடத்துக்குப் பக்கத்தில், காலையில் புறங்கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுவென்று இருந்தால் உங்கள் செட்டும் அந்த ரகம்தான்.

அந்தச் சூடு வெளியேறத்தான் முதுகில் ஓட்டைகள் வைத்திருக்கிறார்கள். நம் வீடுகளில் அதன் மேல் பூப்போட்ட உறை! ஒத்தக்கடைக்காரர் வீட்டிலும் அதேதான்: கொடைக்கானல் 100.5 கேட்பதற்காக அடுப்படி அலமாரியில் சுவரோடு ஒட்டி வைத்து, எண்ணெய்ப்பிசுக்கு படியாமலிருக்க உறையும் போட்டிருக்கிறார்கள்.

இவ்வளவு சூடு ஏறினாலும் புகைந்திருக்கக் கூடாது. டிரான்ஸ்பார்மருக்குள் பெரும்பாலும் ஒரு பொடி ஃபியூஸ் இருக்கும், சூடு எல்லை மீறினால் அறுந்து கரண்டை நிறுத்திவிடும். இவர் செட்டில் அந்த இடத்தில் ஒரு துண்டுக் கம்பிதான் இருந்தது. முன்பு வேறெங்கோ கொடுத்துச் சரிபண்ணினாராம், சோம்பல்பட்டு யாரோ டைரக்ட் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் தொழிலில் இதைவிடக் கேவலமான வேலை இல்லை. செட்டைத் திரும்ப வாங்கும்போது “ஃபியூஸ் மாத்துனீங்களா, டைரக்ட் பண்ணீங்களா”ன்னு கேளுங்கள். கோபப்படுகிற மெக்கானிக்கிடம் அடுத்த தடவை போகாதீர்கள்.

சுவர் ஸ்விட்சை அணைத்தால் போதாதா? டிரான்ஸ்பார்மர் ஆறிவிடும், சரி. ஆனால் பழைய வீடுகளில் ஸ்விட்சை கரண்ட் வரும் ஃபேஸ் வயரில் போடாமல், அது திரும்பிப் போகும் நியூட்ரல் வயரில் போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்; அப்படியானால் அணைத்த பிறகும் செட்டுக்குள் கரண்ட் நிற்கும். இடிக்கோ, அந்த ஸ்விட்ச் ஒரு பொருட்டே இல்லை. சித்திரை வெயிலுக்கு அப்புறம் சாயங்காலம் இடியோடு ஒரு மழை வருமே, மறுநாள் என் மேஜையில் இடம் இருக்காது. மேகம் கறுக்கும்போதே பிளக்கைப் பிடித்து (வயரைப் பிடித்து அல்ல) பிடுங்கிவிடுங்கள், மொட்டை மாடிக்கு ஆன்டெனா வயர் இழுத்திருந்தால் அதையும் கழற்றுங்கள். இடிக்க ஆரம்பித்துவிட்டால் இரண்டையும் தொட வேண்டாம்.

சிடி சுற்றவில்லை என்றால் சிலர் மூடி ஸ்விட்சில் தீக்குச்சியைச் செருகிவிட்டு, திறந்தபடியே லென்சைக் குனிந்து பார்க்கிறார்கள். மூடி திறந்தால் லேசர் அணையட்டும் என்றுதானே அந்த ஸ்விட்சே இருக்கிறது. அந்த லேசர் 780 நானோமீட்டர், கண்ணுக்கு அநேகமாகத் தெரியாத அகச்சிவப்பு. மங்கலாக ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தால் ‘இவ்வளவுதானா’ என்று தோன்றும், கூசாததால் கண் தானாக மூடவும் செய்யாது. நாங்களே ஒரு அடிக்கு மேல் தள்ளி நின்று சாய்வாகத்தான் பார்ப்போம்.

பேட்டரிக் கட்டை போடுகிறவர்கள் பழசையும் புதுசையும் கலக்காதீர்கள், பழசு கசிந்து ஸ்பிரிங்கை அரித்துவிடும். கசிந்ததை வெறுங்கையால் துடைக்கவும் வேண்டாம்.

ஒத்தக்கடைக்காரருக்கு வேறு டிரான்ஸ்பார்மர் போட்டு, ஃபியூசும் இருக்கிறது என்று காட்டித்தான் கொடுத்தேன். போகும்போது வாசலில் நின்று, “அந்த உறையை இனி என்னண்ணே செய்ய?” என்றார். மிக்சிக்குப் போடச் சொன்னேன், ஓடாத நேரத்தில்.