கல் அடைத்தால் வலி, காய்ச்சலும் சேர்ந்தால் அவசரம்

அவசர சிகிச்சைப் பிரிவில், சிறுநீரகக் கல் வலியோடு வருபவரைப் பெரும்பாலும் பார்த்தவுடனேயே அடையாளம் கண்டுவிடலாம். படுக்க முடியாது, உட்கார முடியாது. விலாவுக்குக் கீழே ஒரு பக்கத்தைக் கையால் அழுத்திக்கொண்டு புரள்வார். குடல்வால் வெடித்து வயிற்றுக்குள் சீழ் பரவியவரோ அசையாமல் கிடப்பார், அசைந்தால் வலி கூடும். கல்வலிக்காரருக்கு எப்படிக் கிடந்தாலும் வலி ஒன்றுதான்.

இத்தனை பாடு படுத்தும் கல் பல நேரங்களில் 5 மி.மீ.கூட இருக்காது. சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாய் 25 முதல் 30 செ.மீ. நீளம், உள்விட்டம் 3, 4 மி.மீ.தான். கல்லின் கூர்முனை குத்திக் கிழிப்பதால்தான் வலிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். முக்கியக் காரணம் அழுத்தம். கல் அடைத்ததும் அதற்கு மேலே சிறுநீர் தேங்குகிறது, சிறுநீரகம் வீங்குகிறது, அதைப் போர்த்தியிருக்கும் உறை இழுபடுகிறது. உடலின் எதிர்வினை இதை இன்னும் மோசமாக்குகிறது. அடைபட்ட சிறுநீரகத்தில் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் சுரந்து ரத்தக் குழாய்களை விரிக்கிறது. ரத்தம் கூடுதலாகப் பாய, முதல் சில மணி நேரம் சிறுநீரும் கூடுதலாக உற்பத்தியாகிறது. வெளியேற வழியில்லாத இடத்தில் மேலும் மேலும் நீர்!

டைக்ளோஃபினாக் போன்ற வலி மருந்துகள் அந்த வேதிப்பொருளின் உற்பத்தியையே தடுக்கின்றன. அதனால்தான் கல்வலிக்கு அவை அவ்வளவு நன்றாகக் கேட்கின்றன. ஆனால் ஏற்கெனவே பழுதான சிறுநீரகம், ரத்த ஓட்டத்துக்கு அதே வேதிப்பொருளை நம்பித்தான் இருக்கிறது. அப்படிப்பட்டவர் தானாக மருந்துக்கடையில் வாங்கி விழுங்கினால் சிறுநீரகம் மேலும் முடங்கும். வலி உச்சத்தில் இருக்கும்போது குடம் குடமாகத் தண்ணீர் குடித்தால் கல் அடித்துக்கொண்டு வந்துவிடும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. புதுக் கல் உருவாகாமல் தடுக்கத்தான் தண்ணீர் உதவும்.

விலாவில் தொடங்கும் வலி விதைப்பை வரை இறங்குவதற்குக் காரணம், இரண்டு இடங்களின் நரம்புகளும் முதுகுத்தண்டின் ஏறக்குறைய ஒரே பகுதிக்குப் போய்ச் சேர்வதுதான். இது எதிர்த்திசையிலும் ஏமாற்றும். அடிவயிறு வலிக்கிறது என்று வரும் சிறுவனுக்கு விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம். வெட்கப்பட்டு அதைச் சொல்லாமலும் இருக்கலாம். சுமார் 6 மணி நேரத்துக்குள் முறுக்கை அவிழ்த்தால் பெரும்பாலும் விதையைக் காப்பாற்றிவிடலாம். ஆகவே கேட்டுப் பார்ப்பது மட்டும் போதாது, பரிசோதித்தே தீர வேண்டும். 60 வயதைத் தாண்டியவருக்கு வாழ்நாளில் முதல் முறையாகக் ‘கல்வலி’ வந்தால், வயிற்றுப் பெருந்தமனி வீங்கிக் கசிகிறதா என்று பார்க்காமல் அனுப்பக் கூடாது.

சிறிய கற்களில் பெரும்பாலானவை தாமாகவே இறங்கிவிடும். ஆனால் கல் வலியோடு நடுக்கமும் காய்ச்சலும் சேர்ந்துவிட்டால் கதையே வேறு. சிறுநீர்ப் பாதையைப் பாக்டீரியாவிடமிருந்து காப்பதில் முக்கியமானது ஓட்டம். குடலில் வாழும் ஈ.கோலை மேலே ஏற முயலும்போதெல்லாம் சிறுநீர் அதைக் கழுவி வெளியேற்றுகிறது. அடைப்புக்கு மேலே தேங்கிய நீரில் அது தடையின்றிப் பெருகுகிறது. ஏறிய அழுத்தம் கிருமிகளை ரத்தத்துக்குள் தள்ளுகிறது. ஆன்டிபயாடிக் மட்டும் போட்டுக் காத்திருக்கலாமே என்று தோன்றலாம். அடைபட்ட சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டுவது குறைந்துபோவதால், மருந்து அந்தத் தேக்கத்துக்குள் போதிய அளவு சென்று சேர்வதில்லை. எனவே மருந்தோடு சீழையும் உடனே வடித்தாக வேண்டும். சிறுநீர்ப்பை வழியாகச் சிறுநீரகக் குழாய்க்குள் ஸ்டென்ட் என்ற மெல்லிய குழலை வைப்பார்கள், அல்லது முதுகுப் பக்கமாக ஊசி போட்டுச் சிறுநீரகத்திலிருந்தே நேராக வடிப்பார்கள். கல்லை எடுப்பது பிறகு. தொற்று அடங்குமுன் அதை நோண்டினால் கிருமிகள் இன்னும் அதிகமாக ரத்தத்தில் கலக்கும்.

அடைப்பு சிறுநீர்ப்பையின் வாயிலிலும் வரும். வயதான ஆண்களுக்கு வீங்கிய புராஸ்டேட் சுரப்பி காரணம்; பல நேரங்களில் ஒரு சளி மாத்திரையே கடைசித் தூண்டுதலாகிவிடுகிறது. வழக்கமாக 400, 500 மி.லி. கொள்ளும் பை ஒரு லிட்டருக்கு மேல் நிரம்பித் தவிக்கும். சிறுநீரை வடிக்கும் கதீட்டர் குழாய் போட்டதும் கிடைக்கும் நிம்மதிக்கு ஈடே இல்லை. இதோடு கால்கள் வலுவிழந்தாலோ, உட்காரும் பகுதி மரத்துப்போனாலோ, அழுந்தியிருப்பது முதுகுத்தண்டின் அடி நரம்புகளாக இருக்கலாம். அதற்கு ஸ்கேனும் அறுவை சிகிச்சையும் தாமதமில்லாமல் வேண்டும்.

நான் மிகவும் அஞ்சுவது வலியே இல்லாத ஒரு நிலையை. சிறுநீரகங்கள் எந்தக் காரணத்தால் நின்றுபோனாலும் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறத் தொடங்கும். இயல்பான அளவு லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல். அதைத் தாண்டி ஏற ஏற, இதயத் தசையின் மின்னோட்டம் குலைகிறது. நோயாளி சொல்வது ‘கொஞ்சம் அசதி’ மட்டுமாக இருக்கலாம். அதுவரை எந்த முன்னறிகுறியும் காட்டாமலே இதயம் நின்றுவிடலாம். ஈசிஜி மாறியிருந்தால் முதலில் கால்சியம் ஊசி. அது பொட்டாசியத்தைக் குறைப்பதில்லை, இதயத்தைச் சில நிமிடங்களில் நிலைப்படுத்தி அவகாசம் வாங்கித் தருகிறது. அடுத்து இன்சுலினும் குளுக்கோஸும் பொட்டாசியத்தை உயிரணுக்களுக்குள் தள்ளும், அதுவும் சில மணி நேரத்துக்குத்தான். உடலைவிட்டு அதை வெளியேற்ற அடைப்பு நீங்கிச் சிறுநீர் பிரிய வேண்டும், இல்லையென்றால் டயாலிசிஸ் செய்தாக வேண்டும். அதனால், டயாலிசிஸைத் தவறவிட்டவரோ, ஒரு நாள் முழுக்கச் சிறுநீர் போகாதவரோ அசதி என்று வந்தால், ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திராமல் முதலில் ஈசிஜி எடுக்க வேண்டும்.