பழ ஈப் புழுவின் முதுகில் முடி எங்கே போனது?

கனிந்த வாழைப்பழத்தை மொய்க்கிற குட்டி ஈயின் புழுவை, முட்டையிலிருந்து வெளிவந்தவுடன் நுண்ணோக்கியில் பார்த்தால் முதுகெங்கும் மெல்லிய முடிகள் தெரியும். டிரோசோஃபிலா மெலனோகாஸ்டர் என்கிற இந்த ஈக்கு செஷல்ஸ் தீவுகளில் நெருங்கிய உறவு ஒன்று உண்டு. பெயர் செசெல்லியா. மற்ற பழ ஈக்களுக்கு நஞ்சாகும் நோனிப் பழம்தான் இதற்குச் சாப்பாடு. இதன் புழுவுக்கு முதுகிலும் பக்கங்களிலும் பெரும்பகுதி மழமழவென்று இருக்கிறது.

எந்த மரபணு காரணம்? நெருங்கிய இனங்களைக் கலந்து வளர்த்துப் பார்த்த எலியோ சுசேனாவும் டேவிட் ஸ்டெர்னும் 2000-இல் எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் ஷேவன்பேபியைக் கைகாட்டினார்கள். தோல் செல்லில் இந்த மரபணு இயங்கத் தொடங்கினால், அதன் புரதம் வேறு பல மரபணுக்களைத் தூண்டிவிடும். அவை செல்லுக்கு வடிவம் தரும் ஆக்டின் என்னும் புரத இழைகளைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து, செல்லின் மேற்பரப்பை வெளியே தள்ளும். அந்த நீட்சிதான் நாம் பார்க்கும் முடி.

அப்படியானால் செசெல்லியாவில் ஷேவன்பேபி கெட்டுவிட்டதா? கெட்டிருந்தால் வயிற்றுப்புறத்தில் ஊர்வதற்கான சிறு முட்களும் போயிருக்க வேண்டும். அவற்றுக்கும் இதே மரபணுதான் தேவை. முட்களோ அப்படியே இருக்கின்றன. கோளாறு மரபணுவை ஒட்டியுள்ள என்ஹான்சர் என்னும் டி.என்.ஏ. துண்டுகளில். மரபணு உடலின் எந்த இடத்தில், எப்போது இயங்க வேண்டும் என்று தீர்மானிக்கும் சுவிட்சுகள் இவை. முதுகுப்பக்கத்துக்கான மூன்று சுவிட்சுகள் செசெல்லியாவில் மாறிப்போயிருப்பதை 2007-இல் கண்டார்கள். பிறகு இன்னும் சில சிக்கின. ஒரே வேலைக்கு இத்தனை எதற்கு? கூடுதல் சுவிட்சுகளை நீக்கினால் சாதாரண வெப்பநிலையில் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. குளிரோ வெப்பமோ மிஞ்சும்போதுதான் முடிகள் குறைகின்றன.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது 2011-இல் வந்த ஆய்வு. ஒரு சுவிட்சை எடுத்துக்கொண்டு, இரண்டு இனங்களுக்கும் இடையே வேறுபட்ட டி.என்.ஏ. எழுத்துகளை மாற்றி மாற்றிச் சோதித்தார்கள். முடியை ஒரேயடியாக அழித்த மாற்றம் என்று எதுவும் இல்லை. ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்திருக்கிறது. ‘இன்னதற்கான மரபணு கண்டுபிடிப்பு’ என்று செய்தித் தலைப்பு பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வுதான் ஞாபகம் வரும்.

பரிணாமம் புரதத்தை விட்டு சுவிட்சில் கைவைத்ததற்குக் காரணம் உண்டு. இதே மரபணுப் பகுதிதான் பெண் ஈயின் முட்டை உருவாக்கத்துக்கும் வேண்டும். புரதம் கெட்டால் சந்ததியே இல்லை.

2003-இல் இன்னொரு விஷயமும் தெரிந்தது. தூரத்து உறவான விரிலிஸ் குழுவிலும் சில இனங்கள் தனியாக முடியை இழந்திருக்கின்றன, அங்கேயும் ஷேவன்பேபியின் கட்டுப்பாடுதான் மாறியிருக்கிறது. இது தற்செயல் என்று தோன்றவில்லை. கருவில் இடத்தைக் குறிக்கும் பல சமிக்ஞைகள் இந்த ஒரு மரபணுவில் வந்து சேர்கின்றன. முடி கட்டும் மரபணுக்கள் இதிலிருந்து பிரிகின்றன. மேலே, அந்தச் சமிக்ஞைகளில் கைவைத்தால் உடலமைப்பே குலையும். கீழே, முடி கட்டும் மரபணுக்களில் ஒன்றை மாற்றினால் முடியின் வடிவம் சற்றே கோணும், அவ்வளவுதான். முடியை முழுதாக எடுத்துவிட்டு மற்றதையெல்லாம் தொடாமல் விட நடுவிலிருக்கும் ஷேவன்பேபிதான் தோதான இடம்.