ஃபிளாட் வாங்கப் போகிறீர்களா? பில்டருக்குப் பணம் கட்டும் முன் ரெரா சட்டத்தில் தெரிந்துகொள்ள வேண்டியவை

போன வருஷம் என் சித்தி மகன் சென்னையில் மேடவாக்கம் பக்கம் ஒரு ஃபிளாட் பார்த்தான். கட்டடம் அப்போது பில்லர் மட்டத்தில்தான் நின்றது. 1,200 சதுர அடி, சதுர அடி 7,000 ரூபாய், ஆக 84 லட்சம். இரண்டு லட்சம் கொடுத்து புக் பண்ணிவிட்டான். மூன்றே வாரத்தில் ஃபோன் வந்தது: "சார், இந்த மாசத்துக்குள்ள 20 பர்சென்ட் கட்டிடுங்க, அக்ரிமென்ட் அப்புறம் போட்டுக்கலாம்." அவனும் நகையை எடுத்துக்கொண்டு பேங்குக்குக் கிளம்பிவிட்டான். கிளம்பும் முன் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னது நல்லதாகப் போயிற்று.

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், எல்லோரும் ரெரா என்று சொல்வது, 2016இல் வந்து 2017 மே முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. அதன் 13ஆம் பிரிவு ரொம்பத் தெளிவாகச் சொல்கிறது: விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் வீட்டு விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்கக் கூடாது. அட்வான்ஸ், விண்ணப்பக் கட்டணம், எந்தப் பெயரில் கேட்டாலும் இதுதான் வரம்பு. பத்திரத் தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் போதாது, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருக்க வேண்டும். இவன் கணக்கில் 10 சதவீதம் 8 லட்சத்து 40 ஆயிரம், அவர்கள் கேட்டதோ 16 லட்சத்து 80 ஆயிரம். "முதலில் ஒப்பந்தத்தைப் பதிவு பண்ணிடலாம் சார், அன்னைக்கே மீதியைத் தர்றேன்" என்று கேட்டான். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை, பத்து நாளில் தேதி கொடுத்துவிட்டார்கள். கேட்பவருக்குக் கிடைக்கிறது, கேட்காதவரிடம் வாங்கிக்கொள்கிறார்கள், அதனால் தயங்காமல் கேளுங்கள்.

அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் அந்தத் திட்டத்தின் பதிவு எண்ணைப் போட்டு நீங்களே பாருங்கள். விளம்பரத்திலேயே அந்த எண் இருக்க வேண்டும் என்பது சட்டம். "ரெரா அப்ளை பண்ணியாச்சு, வந்துடும்" என்று சொன்னால் கிளம்பிவிடுங்கள், ஏனென்றால் பதிவு கட்டாயமான திட்டத்துக்கு அது கிடைக்கும்வரை விளம்பரமும் செய்யக் கூடாது, புக்கிங்கும் வாங்கக் கூடாது. பதிவு இருந்தால் திட்ட அனுமதி, வரைபடம், கட்டி முடிப்பதாக பில்டர் ஆணையத்திடம் சொன்ன தேதி எல்லாம் அங்கே கிடைக்கும். அந்தத் தேதியை, சேல்ஸ்மேன் உங்களிடம் வாயால் சொன்ன தேதியோடு வைத்துப் பாருங்கள். ஆவணங்களில் உள்ள சர்வே எண்ணைக் கொண்டு 30 வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்ப்பதும் உங்கள் பொறுப்புதான். ஆணையத்தில் பதிவு இருப்பதாலேயே நிலத்தில் சிக்கல் இல்லை என்று ஆகிவிடாது.

அப்புறம் இந்தச் சதுர அடிக் கணக்கு. 1,200 என்றது சூப்பர் பில்டப். மாடிப்படி, லிஃப்ட், வராண்டா எல்லாவற்றிலும் உங்கள் பங்கைச் சேர்த்துச் சொல்லும் எண் அது. சட்டம் கணக்கில் எடுப்பது கார்பெட் ஏரியாவை: வீட்டுக்குள் நீங்கள் புழங்கும் இடமும் உள்சுவர்களும் சேரும், வெளிச்சுவரும் பால்கனியும் திறந்த மாடியும் சேராது. இவன் வீட்டுக்கு அது 840 சதுர அடி. அதே 84 லட்சத்தை 840ஆல் வகுத்தால் சதுர அடி 10,000 ரூபாய்! இரண்டு பில்டர்களை ஒப்பிடும்போது இந்த எண்ணை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். நாங்கள் வரைபடத்தைப் பிரின்ட் எடுத்து, அவன் வாடகை வீட்டு மொட்டை மாடியில் சாக்பீஸால் 11க்கு 10 என்று படுக்கையறையைக் கோடு போட்டோம். அவனும் அவன் மனைவியும் உள்ளே நின்று கட்டில் இங்கே, பீரோ இங்கே என்று காலால் அளந்தார்கள். பீரோ கதவைத் திறந்தால் கட்டிலில் இடிக்கும் என்பது அங்கேதான் தெரிந்தது.

வாங்குபவர்களிடம் வசூலாகும் பணத்தில் 70 சதவீதம் அந்தத் திட்டத்துக்கென்றே தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டும்தான் அதிலிருந்து எடுக்கலாம், இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட், ஆடிட்டர் மூன்று பேரும் சான்று தர வேண்டும்.

ஒப்பந்தத்தில் சொன்ன தேதிக்குள் வீட்டைத் தரவில்லை என்றால் 18ஆம் பிரிவுப்படி உங்களுக்கு இரண்டு வழி: வேண்டாம் என்று விலகி, கட்டிய பணத்தை வட்டியோடு திரும்ப வாங்கலாம். அல்லது வீடு வேண்டும் என்று காத்திருந்து, தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி வாங்கலாம். எது என்று முடிவு செய்வது நீங்கள், பில்டர் இல்லை. இதை 2021இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்திருக்கிறது. வீடு கைக்கு வந்த பிறகும் ஐந்து வருஷத்துக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை தெரிந்தால், நீங்கள் சொன்ன 30 நாளில் அதைச் செலவில்லாமல் சரி செய்து தர வேண்டும். ஆனால் வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு வருவது சொன்னதாகாது. கசிவைத் தேதியோடு ஃபோட்டோ எடுத்து மெயில் அனுப்புங்கள்.

ஒரு முக்கியமான விதிவிலக்கு. நிலம் 500 சதுர மீட்டருக்குள் இருந்தாலோ வீடுகள் எட்டுக்கு மேல் போகாவிட்டாலோ ரெராவில் பதிவு கட்டாயம் இல்லை. 500 சதுர மீட்டர் என்பது ஏறக்குறைய இரண்டேகால் கிரவுண்ட். சென்னையில் பழைய தனி வீட்டை இடித்துவிட்டுக் கட்டும் ஆறு வீட்டு அபார்ட்மென்ட்டுகள் பெரும்பாலும் இதற்குள் வந்துவிடும். அப்படிப்பட்ட வீடு என்றால் ஆணையத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ள எதுவும் இருக்காது. நல்ல வக்கீலிடம் மூலப்பத்திரம், திட்ட அனுமதி, உங்கள் பெயருக்கு வரும் யூடிஎஸ், அதாவது நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு, எவ்வளவு என்பதை எல்லாம் காட்டாமல் டோக்கன் அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள்.

புகார் கொடுக்கும் நிலை வந்தால், பணம் திரும்பக் கேட்பதற்கும் வட்டிக்கும் ஆணையத்திடம் போக வேண்டும், நஷ்டஈட்டுக்குத் தீர்ப்பு அலுவலரிடம் தனி மனு. அப்போது ரசீது, ஒப்பந்தம், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் தேவைப்படும். முதல் நாள் கையில் கொடுத்த பளபளப்பான பிரோஷரையும் சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். அதில் காட்டிய ஜிம்மும் நீச்சல் குளமும் பொய் என்று ஆனால், அதை நம்பிப் பணம் கட்டியவருக்கு 12ஆம் பிரிவில் நஷ்டஈடு உண்டு, வீடே வேண்டாம் என்றால் முழுப் பணமும் வட்டியோடு திரும்ப வரும்.