கண்ணிமை வீக்கமும் சிறுநீரின் நுரையும்

காலையில் எழும் குழந்தையின் கண்ணிமைகள் ஊதியிருக்கின்றன; மாலைக்குள் அந்த வீக்கம் முகத்தை விட்டுக் கால்களுக்கு இறங்கிவிடுகிறது. ஒவ்வாமை என்றோ பூச்சிக்கடி என்றோ கருதி, கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுப் பார்க்கும் பெற்றோரைக் குறை சொல்ல முடியாது, ஏனெனில் முகம் வீங்கும்போது சிறுநீரகத்தைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றுவதில்லை. எனினும் இரண்டிலிருந்து ஆறு வயதுக்குள் பெரும்பாலும் தொடங்கும், சிறுநீரகம் புரதத்தைச் சிறுநீரில் கசியவிடும் நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம் என்னும் நோய் இப்படித்தான் முதலில் தலைகாட்டுகிறது.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் நுண்வடிகட்டிகள் உள்ளன. இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. இந்த வடிகட்டியின் வெளிப்புறத்தில் போடோசைட் என்னும் செல்கள், கோத்த கைவிரல்களைப் போலத் தம் கால்களைப் பின்னி நிற்கின்றன. அந்த இடுக்குகளைக் காப்பது நெஃப்ரின் என்ற புரதம். பிறவியிலேயே நோயுடன் பிறந்த பின்லாந்துக் குழந்தைகளின் மரபணுவை ஆராய்ந்தபோது 1998இல் அது கண்டறியப்பட்டது. போடோசைட்டின் கால்கள் தட்டையாகிவிட்டால், நீரை இரத்தக் குழாய்க்குள் பிடித்துவைக்கும் ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசிகிறது. பெரியவர்களிடம் நாளொன்றுக்கு 150 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டிய புரதம் 3.5 கிராமைத் தாண்டுகிறது, சிறுநீர் நுரைக்கிறது. இரத்தத்தில் ஆல்புமின் குறைய, சிறுநீரகமும் உப்பைத் தேக்கிக்கொள்ள, நீர் திசுக்களில் தங்குகிறது. இழப்பை ஈடுகட்ட முனையும் கல்லீரல் கொழுப்புப் புரதங்களையும் மிகுதியாக உற்பத்தி செய்வதால் கொலஸ்ட்ரால் ஏறுகிறது. கிருமிகளை எதிர்க்கும் புரதங்களும் இரத்தம் உறைவதைத் தடுக்கும் புரதங்களும் வெளியேறிவிடுவதால், வீக்கத்தைவிடத் தொற்றும் இரத்தக் கட்டியுமே உயிருக்கு அதிக ஆபத்தானவை.

குழந்தைகளில் பெரும்பாலோருக்குச் சாதாரண நுண்ணோக்கியில் சிறுநீரகத் திசு பழுதற்றதாகவே தெரியும். எலக்ட்ரான் நுண்ணோக்கிதான் தட்டையான கால்களைக் காட்டும். அவர்களில் பலரிடம் நெஃப்ரினையே தாக்கும், உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் உருவாக்கும் எதிர்ப்புரதங்கள் இருப்பது அண்மை ஆண்டுகளில் தெரியவந்துள்ளது. பெரியவர்களுக்கு நீரிழிவு, எதிர்ப்பு மண்டலம் சொந்த உடலையே தாக்கும் லூபஸ் நோய், மஞ்சள் காமாலை பி வைரஸ், வலி நிவாரணி மாத்திரைகள் எனக் காரணங்கள் பலவாகும். என்னை மிகவும் வருத்துவது தவிர்த்திருக்கக்கூடிய ஒன்று: 2023இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், பாதரசம் கலந்த சிவப்பழகுக் களிம்புகளைப் பூசியவர்களிடம் இந்நோய் கண்டறியப்பட்டது. முகத்தில் பூசிய பாதரசம் தோல் வழியே இரத்தத்தில் கலந்துவிடும் என்பதைக் களிம்புக் குப்பி சொல்வதில்லை.

பரிசோதனை எளிமையிலிருந்து தொடங்குகிறது. லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் பிரைட், 1827இல் வெளியிட்ட தம் ஆய்வில், சிறுநீரைச் சூடாக்கினால் முட்டை வெள்ளைக்கரு போல் அது திரள்வதை நோயின் அடையாளமாகக் கொண்டார். இன்று சிறுநீரில் நனைக்கும் ஒரு டிப்ஸ்டிக் பட்டையின் மஞ்சள் நிறம் பச்சையாவது போதும். பிறகு சிறுநீரில் புரதத்துக்கும், சிறுநீரகம் வெளியேற்றும் கழிவுப்பொருளான கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம், இரத்தத்தில் ஆல்புமின், கொலஸ்ட்ரால், கிரியேட்டினின் ஆகியவை பார்க்கப்படும். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் ஊசி மூலம் திசு எடுக்கும் பயாப்சி தேவைப்படும். ஆனால் இந்நோய்க்கு இட்டுச்செல்லும் மெம்பிரேனஸ் என்னும் சிறுநீரகப் பாதிப்பு வகைக்குரிய ஓர் எதிர்ப்புரதம் 2009இல் அடையாளம் காணப்பட்டதால், சிலருக்கு இரத்தப் பரிசோதனையே போதுமானதாகிவிட்டது. குழந்தைகளுக்கு வழக்கமாகப் பயாப்சி செய்யாமலே ஸ்டீராய்டு மருந்து தொடங்கப்படுகிறது. பத்தில் எட்டுப் பேருக்கு மேல் அதில் குணமடைகின்றனர்.

ஆனால் நோய் பலருக்குத் திரும்பவும் வரும். எனவேதான் காலையின் முதல் சிறுநீரை வீட்டிலேயே பட்டையால் சோதித்து நோட்டில் குறித்துவரும்படி பெற்றோரிடம் சொல்லப்படுகிறது. தொடர்ந்து மூன்று நாட்கள் பட்டை மூன்று பிளஸ், அதாவது மிகுதியான புரதம், காட்டினால், இமை வீங்கும்வரை காத்திராமல் மருத்துவரிடம் செல்ல அந்தக் குறிப்பு போதும்.