திருவாதிரை மங்கிய நாட்கள்

2020 பிப்ரவரியில் திருவாதிரையைப் பார்த்தவர்களுக்கு, கருவி எதுவும் இல்லாமலே வித்தியாசம் தெரிந்திருக்கும். ஓரியன் என்ற வேடன் வடிவ விண்மீன் கூட்டத்தின் ஒரு தோளில் செக்கச்செவேலென்று நிற்கும் விண்மீன் அது. மற்றத் தோளில் இருக்கும் பெல்லாட்ரிக்ஸை விட எப்போதும் தூக்கலாகவே தெரியும். அந்த மாதம் இரண்டும் ஒரே அளவுக்கு வந்துவிட்டன. மாடியில் நின்று மாற்றி மாற்றிப் பார்த்தேன். எந்தத் தோள் பிரகாசம் என்று சொல்ல முடியவில்லை. வழக்கமான ஒளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போயிருந்தது.

வெடிக்கப் போகிறது என்று பேச்சு கிளம்பியது. கிளம்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம். திருவாதிரை, சூரியனைப் போல 15 முதல் 20 மடங்கு நிறை கொண்ட விண்மீன். வயது ஏறக்குறைய ஒரு கோடி ஆண்டுதான். சூரியனோ 460 கோடி ஆண்டுகளைக் கடந்தும் நடுவயதில் இருக்கிறது. நிறை கூடக் கூட விண்மீன் எரிபொருளை வேகமாகத் தீர்த்துவிடும். திருவாதிரையின் மையத்தில் ஹைட்ரஜன் தீர்ந்து, மையம் சுருங்கிச் சூடேற, வெளி அடுக்குகள் உப்பிவிட்டன. உப்பிய மேற்பரப்பு ஆறிச் சிவந்தது. சூரியன் இருக்கும் இடத்தில் அதைக் கொண்டுபோய் வைத்தால் செவ்வாயின் பாதையும் அதற்குள் போய்விடும்.

வெறும் புள்ளியாகத் தெரியும் ஒன்றை எப்படி அளந்தார்கள்? எனக்கு இந்தக் கதையிலேயே மிகப் பிடித்த பகுதி இதுதான். 1920 டிசம்பர் 13 இரவு, அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில், இயற்பியலாளர் மைக்கல்சன் வகுத்த முறைப்படி வானியலாளர் பீஸ் அந்த அளவை எடுத்தார். 100 அங்குலத் தொலைநோக்கியின் தலைமேல் 20 அடி நீள எஃகு உத்தரம் ஒன்று. அதன் மேல் நகர்த்தக்கூடிய இரண்டு கண்ணாடிகள். ஒரே விண்மீனின் ஒளியை இரண்டும் வாங்கி ஒரே இடத்துக்கு அனுப்பும். இரண்டு ஒளியலைகளும் சேரும்போது கறுப்பும் வெளுப்புமாய் வரிகள் தோன்றும். விண்மீன் உண்மையிலேயே புள்ளியாக இருந்தால், கண்ணாடிகளை எவ்வளவு விலக்கினாலும் வரிகள் கலையாது. வட்டமாக இருந்தால் கதை வேறு. வட்டத்தின் ஒவ்வொரு பகுதியும் தனக்கென்று வரிகளைப் போடும். அவை ஒன்றிலிருந்து ஒன்று சற்றே தள்ளி விழும். கண்ணாடிகளை விலக்க விலக்க அந்தத் தள்ளல் கூடி, ஒரு கட்டத்தில் ஒன்றின் வெளுப்பு இன்னொன்றின் கறுப்பை மூடிவிடும். வரிகள் மறைந்து போகும். அன்றிரவு, இடைவெளி சுமார் 3 மீட்டர் ஆனபோது மறைந்தன. அந்த இடைவெளியிலிருந்து கணக்குப் போட்டால் வட்டத்தின் அகலம் 0.047 விநாடிக் கோணம். இரண்டரை சென்டிமீட்டர் நாணயத்தை 100 கிலோமீட்டருக்கு அப்பால் வைத்துப் பார்ப்பது போல. சூரியனைத் தவிர வேறொரு விண்மீனின் அகலத்தை மனிதர்கள் அளந்தது அதுவே முதல் முறை.

நூறு ஆண்டு கழித்து, அந்த வட்டத்தின் முகத்தையே படம் எடுக்க முடிகிறது. சிலியில் உள்ள விஎல்டி தொலைநோக்கியில் வானியலாளர் மோந்தார்ஜெஸின் குழுவினர் 2019 ஜனவரியில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தார்கள். மங்கத் தொடங்கிய பிறகு டிசம்பரில் இன்னொன்று எடுத்தார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் போதும், சங்கதி தெரிந்துவிடும்: வட்டத்தின் தென்பாதி மட்டும் இருண்டிருந்தது.

என்ன நடந்தது? கொதிக்கும் நீரில் குமிழ்கள் எழுவது போல, விண்மீனின் உள்ளே சூடான வாயு மேலே எழுந்து, ஆறி, மறுபடி கீழே இறங்கும். சூரியனில் இப்படிப்பட்ட குமிழ்கள் லட்சக்கணக்கில் உண்டு; ஒவ்வொன்றும் சுமார் ஆயிரம் கிலோமீட்டர் அகலம். திருவாதிரையிலோ சில குமிழ்களே மேற்பரப்பின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளும். 2019 இலையுதிர் காலத்தில், தென்பகுதியிலிருந்து அடர்ந்த சூடான வாயு வெளியேறுவதை ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி பார்த்தது. அந்த வாயு தூரம் போய்க் குளிர்ந்து, தூசியாக உறைந்து, நமக்கும் விண்மீனுக்கும் நடுவே திரையாக நின்றது. மேற்பரப்பும் கொஞ்சம் ஆறியிருந்தது. ஜப்பானின் ஹிமாவாரி-8 வானிலைச் செயற்கைக்கோள் பூமியைப் படம் எடுக்கும்போது அவ்வப்போது ஓரத்துக் கறுப்பு வானத்தில் திருவாதிரையும் விழுந்திருந்தது. அந்தப் படங்களைத் தேடி எடுத்து அளந்ததில், வெப்பநிலை சுமார் 140 டிகிரி குறைந்ததும் தூசியும் மங்கலில் ஏறக்குறைய சரிபாதிப் பங்கு என்று தெரிந்தது. மேகத்தைப் படமெடுக்க அனுப்பிய கருவி விண்மீனின் வெப்பத்தைச் சொல்லிவிட்டது! 2020 ஏப்ரலுக்குள் ஒளி பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது.

சரி, அப்படியென்றால் முடிவு எப்போது? இந்தக் காட்சிகள் எல்லாமே மேற்பரப்பில் நடப்பவை. முடிவைத் தீர்மானிப்பது மையம். அங்கே இப்போது ஹீலியம் எரிகிறது என்பதுதான் பெரும்பாலோர் கணிப்பு. அதன்படி இன்னும் சுமார் ஒரு லட்சம் ஆண்டு இருக்கிறது. அப்புறம் கார்பன், நியான், ஆக்சிஜன், சிலிக்கான் என்று ஒவ்வொரு எரிபொருளும் முன்னதை விட வேகமாகத் தீரும். கடைசியில் சிலிக்கான் சில நாட்களில் முடிந்துவிடும். மிஞ்சும் இரும்பு மையம் ஒரு நொடிக்குள் நொறுங்கும். அந்த நொடியிலும் வெளியே திருவாதிரை வழக்கம்போல்தான் தெரியும். அதிர்ச்சியலை மேற்பரப்பை எட்ட ஒரு நாள் அளவு ஆகும்.

ஆனால் நியூட்ரினோ காத்திருக்காது. எதனோடும் எளிதில் ஒட்டாத துகள் என்பதால் நொறுங்கிய உடனே விண்மீனைத் துளைத்து வெளியே வந்துவிடும். 1987 பிப்ரவரி 23 அன்று, பக்கத்து விண்மீன் மண்டலமான பெரிய மெகல்லன் மேகத்தில் வெடித்த விண்மீனின் ஒளி தெரிவதற்குச் சில மணி நேரம் முன்பே, மூன்று கண்டறி மையங்களில் மொத்தம் 25 அளவில் நியூட்ரினோக்கள் பதிவாயின. திருவாதிரை அதைவிடச் சுமார் 250 மடங்கு அருகில் இருக்கிறது. துகள்கள் அறுபதாயிரம் மடங்கு அதிகமாக வரும். இப்போது உலகெங்கும் உள்ள நியூட்ரினோ மையங்கள் ஒன்றாக இணைக்கப்பட்டிருக்கின்றன. பல இடங்களில் ஒரே நேரத்தில் துடிப்பு பதிவானால், வானியலாளர்களுக்கு உடனே எச்சரிக்கை போய்விடும். அது திருவாதிரையாக இருந்தால், வெளியே வந்து அந்தச் சிவப்புத் தோளைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட ஒரு நாள் அவகாசம் கிடைக்கும்.