பழுதுபார்க்கும் தகவலைக் கேட்டுப் பெறுவது எப்படி?

எங்கள் வீட்டுப் பழைய ரேடியோவின் பின்மூடியைக் கழற்றினால், உள்பக்கத்தில் அதன் சர்க்யூட் வரைபடம் ஒட்டப்பட்டிருக்கும். தெருமுனைக் கடைக்காரர் பழுப்பேறிய அந்தத் தாளில் விரலை ஓட்டிப் பார்த்த பிறகுதான் சால்டரிங் அயர்னை எடுப்பார். இன்றோ, வாஷிங் மெஷினில் ஒரு பிழைக்குறியீடு மின்னினால், தண்ணீர் வெளியேறாததா மோட்டார் கோளாறா என்பதைத் தெரிந்துகொள்ளவே பல வீடுகளில் சர்வீஸ் சென்டர் ஆளுக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

இந்த நிலையை மாற்றுவதற்காக மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழுவை அமைத்தது. விவசாயக் கருவிகள், செல்போன் மற்றும் டேப்லெட், வீட்டு உபயோகச் சாதனங்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகளை அது எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று, தேசிய நுகர்வோர் தினத்தில், ‘ரைட் டு ரிப்பேர் இந்தியா’ என்ற இணையதளம் தொடங்கப்பட்டது. பொருளின் கையேடு, உதிரிபாக விவரம், வாரண்டி நிபந்தனைகள், சர்வீஸ் சென்டர் தொடர்பு எண்கள் ஆகியவற்றை நிறுவனங்கள் ஒரே இடத்தில் தர வேண்டும் என்பதே இதன் நோக்கம். அவற்றைக் கொண்டு நாமே பழுது பார்க்கலாம். நமக்குப் பழக்கமான கடைக்காரரிடமும் கொடுக்கலாம். இதே பெயரில் போலித் தளங்களும் வரக்கூடும் என்பதால், முகவரி ‘கவ் டாட் இன்’ (.gov.in) என்று முடிகிறதா எனப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பழுதுபார்க்கும் உரிமைக்கென்று இந்தியாவில் இதுவரை தனிச் சட்டம் இல்லை. நிறுவனங்கள் தாமாக முன்வந்து தரும் தகவலை நம்பியே இத்தளம் இயங்குகிறது. ஆகவே சர்க்யூட் வரைபடம் வரை எல்லாம் கிடைத்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. என்னைப் பொறுத்தவரை இது பெரிய குறை. இருந்தாலும் நாம் வெறுங்கையோடு நிற்கவில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பொருளின் தரம், அளவு, விலை முதலியவற்றை அறியும் உரிமையை நுகர்வோருக்கு வழங்குகிறது. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்ததற்காக சந்தையில் நியாயமான போட்டி நடக்கிறதா என்று கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையம் 2014இல் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கும் மேல் அபராதம் விதித்தது. அது கார்களைப் பற்றிய வழக்குதான் என்றாலும், விற்ற பொருளின் பழுதுநீக்கத்தைத் தன் கைக்குள்ளேயே பூட்டி வைப்பது தவறு என்று ஓர் ஆணையம் சொன்னது செல்போனுக்கும் பொருந்த வேண்டிய நியாயம்.

அடுத்த கட்டமாக, பழுதுபார்ப்பு எவ்வளவு எளிது என்பதை மதிப்பெண்ணாகக் காட்டும் குறியீடு ஒன்றை நுகர்வோர் விவகாரத் துறை அமைத்த வேறொரு குழு 2025 மே மாதம் பரிந்துரைத்தது. பொருளைப் பிரிப்பது எவ்வளவு சுலபம், பழுதுபார்க்கும் தகவல் கிடைக்கிறதா, உதிரிபாகம் நியாயமான காலத்துக்குள் வருகிறதா, மென்பொருள் புதுப்பிப்பு எத்தனை காலம் உண்டு, எந்தக் கருவிகள் தேவை, திருகுகள் எத்தகையவை என்பவற்றைப் பார்த்து மதிப்பெண் தரப்படும். கடையிலும் இணைய விற்பனைத் தளத்திலும் அது தெரிய வேண்டும், பெட்டியின் மேல் கியூஆர் குறியீடாகவும் இருக்க வேண்டும் என்பது பரிந்துரை. வாங்கும்போதே இது கண்ணில் பட்டால், திருகுக்குப் பதில் பசை போட்டு ஒட்டிய போனை ஒதுக்கிவைக்க நமக்கு வழி கிடைக்கும்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியவை இவை. வாரண்டி இருக்கும்வரை வெளியில் பிரிக்கக் கொடுக்காதீர்கள். பல நிறுவனங்கள் அதையே காரணம் காட்டி வாரண்டியை மறுக்கின்றன. வாரண்டி முடிந்திருந்தால், மாடல் எண்ணைக் குறிப்பிட்டு, கையேடும் உதிரிபாகத்தின் விலையும் வேண்டுமென நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள். தொலைபேசியில் மட்டும் கேட்டால் பின்னால் காட்ட ஆதாரம் இருக்காது. பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். அவர்கள் நிறுவனத்தோடு பேசித் தீர்க்க முயல்வார்கள், உத்தரவிட முடியாது. உத்தரவு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்ய வேண்டும் என்பதால், வாங்கிய பில்லையும் சர்வீஸ் சென்டர் தரும் ஜாப் ஷீட்டையும் (பழுது விவரச் சீட்டு) எறிந்துவிடாமல் பத்திரப்படுத்துங்கள்.